அப்பாவா, அண்ணனா?

முதலில் இரண்டு படங்களை மனத்துக்குள் வரைந்துகொள்ளுங்கள்.

முதல் படத்தில் ஒரு பையன். பதினாறு வயது இருக்கலாம். வெள்ளி நிறத் தலைமுடி. ஒடிசலான உடம்பு. யாராவது அதட்டினால் அழுதுவிடுவான் போல ஒரு முகம். கையில் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாள்.

இரண்டாவது படத்தில் ஒரு ஆள். நாற்பதைத் தொடப்போகிற முகம். முரட்டுத் தோள். தூங்கி நாலு நாள் ஆன கண்கள். காலையில் பால் வாங்க வந்த இடத்தில் பார்த்தால் ஒதுங்கி நின்று வழி விடுவீர்கள். அவர் கையிலும் அதே வாள்.

இரண்டு பேரும் ஒரே ஆள்தான். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே எதிரி, ஒரே கதை. ஒரு வித்தியாசம், முதல் ஆள் ஜப்பான்காரர்களுக்கு. இரண்டாவது ஆள் மற்ற தேசத்தவர்களுக்கு.

2010ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஸ்கொயர் எனிக்ஸ் என்கிற ஜப்பானியக் கம்பெனி வெளியிட்ட 'நியர்' என்ற வீடியோ கேமைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வீடியோ கேம் ஆடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கே ஒழுங்காக ஆட வராது. என் கட்டை விரல்கள் என் பேச்சைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் இது விரல் சமாசாரம் இல்லை. ஒரு கதாநாயகனை ஊருக்கு ஊர் மாற்றி வைத்தால் கதை என்ன ஆகும் என்கிற சமாசாரம்.

இந்தப் பழக்கம் ஒன்றும் 2010ல் தொடங்கியதில்லை. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

1987ல் ஜப்பானில் கேப்காம் கம்பெனி ஒரு கேம் வெளியிட்டது. ஹீரோ ஒரு சின்னப் பையன் ரோபோ. நீல உடை, பெரிய கண்கள், பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது 'மெகா மேன்' என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு விட்டிருக்கலாம். அட்டைப்பெட்டியில் அந்தப் பையனுக்குப் பதிலாக, கையில் துப்பாக்கியோடு, முதுகு வலிக்காரர் மாதிரி கோணலாக நிற்கிற ஒரு நடுத்தர வயது ஆசாமியை வரைந்து வைத்தார்கள். கேமுக்குள்ளே அப்படி ஒரு ஆளே கிடையாது. அந்த அட்டை பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது, மோசமான அட்டைக்கு உதாரணமாக! 2012ல் வந்த வேறொரு கேமில் கேப்காமே அந்த ஆசாமியை ஒரு பாத்திரமாக உள்ளே விட்டுத் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டது.

நின்டெண்டோவின் 'கிர்பி' தெரியுமா? ரோஸ் நிறத்தில் உருண்டையாக, பஞ்சு மிட்டாய்க்குக் கண் வைத்த மாதிரி இருக்கும். 1992ல் அமெரிக்க அட்டையில் அதை வெள்ளையாக்கினார்கள். பிறகு 2000க்கு மேல் இன்னொரு காரியம் செய்தார்கள். ஜப்பானிய அட்டைகளில் கிர்பி சிரித்துக்கொண்டிருக்கும். அதே கேமின் அமெரிக்க அட்டைகள் பலவற்றில் புருவத்தை நெரித்துக்கொண்டு முறைக்கும். ஜப்பானில் அழகு விற்கும், அமெரிக்காவில் வீரம் விற்கும் என்பது கணக்கு.

எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. 2002ல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போனது 'ராட்செட் அண்ட் க்ளாங்க்'. அதில் வரும் ராட்செட்டுக்கு ஜப்பானில் மட்டும் தடித்த புருவம் ஒட்டினார்கள். பசிபிக் பெருங்கடலைத் தாண்ட வேண்டுமானால் புருவத்தில்தான் சுங்க வரி கட்ட வேண்டும் போலிருக்கிறது.

இன்னொரு கதை இதைவிட விசேஷம். 1987ல் புஜி டெலிவிஷன் நடத்திய ஒரு விழாவுக்காக நின்டெண்டோ ஒரு கேம் செய்துகொடுத்தது. பெயர் 'டோக்கி டோக்கி பானிக்'. அதில் ஆட நான்கு பேர். ஒரு பையன், ஒரு பெண், அம்மா, அப்பா. ஒரு குடும்பம். அடுத்த வருஷம் அதே கேமை எடுத்து, நான்கு பேரின் தலையையும் மாற்றி, மரியோ, லூயிஜி, இளவரசி, டோட் என்று வைத்து, 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2' என்று அமெரிக்காவில் விற்றார்கள். ஜப்பானில் வந்திருந்த நிஜமான இரண்டாம் பாகம் அமெரிக்கர்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும் என்று பயம். அம்மா உயரமாகக் குதிப்பார். அந்தக் குதி லூயிஜிக்குப் போனது. லூயிஜி பிறகு வந்த பல கேம்களிலும் உயரமாகக் குதிக்கிறார். அது அந்த அம்மாவின் சொத்து. மூட்டை தூக்குவதில் பலசாலியான அப்பாவின் இடத்துக்கு டோட் வந்தார். குடும்பம் மொத்தமும் மறக்கப்பட்டது.

நான் பி.காம். படித்தவன். மார்க்கெட்டிங் பேப்பரில் சந்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரக்கு செய்வது எப்படி என்று ஒரு பாடம் உண்டு. அதற்குப் பத்து மார்க் கேள்வி நிச்சயம். எனவே இதையெல்லாம் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. புருவத்தை மாற்றினால் என்ன, ரோஸ் வெள்ளையானால் என்ன? கதை அங்கே புருவத்தில் இல்லை. சோப்பு டப்பாவுக்குக் காகிதம் மாற்றுகிற மாதிரிதான்.

ஆனால் 'நியர்' விஷயத்தில் மாற்றியது காகிதத்தை இல்லை.

*

கதை இதுதான். மனித குலம் கிட்டத்தட்ட அழிந்துபோய் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆன பிறகு ஒரு சின்ன கிராமம். அங்கே நியர். வீட்டில் யோனா என்கிற சின்னப் பெண். அவளுக்கு ஒரு வியாதி. உடம்பெல்லாம் கறுப்பு எழுத்துகள் படர்ந்து மெல்ல மெல்ல ஆளைத் தின்கிற வியாதி. மருந்து கிடையாது. நியர் ஊரார் சொல்கிற எடுபிடி வேலையெல்லாம் செய்து காசு சம்பாதித்து அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஊருக்கு வெளியே 'நிழல்கள்' என்று ஒரு ஜாதி அரக்கர்கள். கண்ட இடத்தில் அவர்களை வெட்டிச் சாய்க்க வேண்டும். நடுவில் ஒரு நாள் நிழல்களின் ராஜா யோனாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ஐந்து வருஷம் கழித்து நியர் அவளைத் தேடிக் கிளம்புகிறான்.

ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த 'ரெப்ளிகண்ட்' பதிப்பில் யோனா, நியரின் தங்கை. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். அதே ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த 'கெஸ்டால்ட்' பதிப்பில் யோனா, நியரின் மகள். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற மற்ற இடங்களுக்கெல்லாம் மகள் கதை மட்டும்தான். அண்ணன் அங்கே கப்பலே ஏறவில்லை. ஒடிசலான பையன் பெரிய வாளைச் சுழற்றினால் அமெரிக்க ஆண்பிள்ளைகள் சிரிப்பார்கள், முரட்டு ஆள் வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து யோசனை வந்ததுதான் காரணம். அப்படித்தான் அப்பா பிறந்தார். வாடிக்கையாளர் சொல்லி, ஆர்டரின்பேரில் செய்த அப்பா.

நம் ஊரில் ஒரு படத்தை ரீமேக் செய்யும்போது என்ன செய்கிறார்கள்? 2013ல் வந்த 'திருஷ்யம்' 2015ல் 'பாபநாசம்' ஆனது. ஊர் மாறியது, பேச்சு மாறியது, ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கம் ஆனார். ஆனால் அவர் இரண்டு பெண்களுக்கு அப்பா என்பது மாறவில்லை. மண்ணை மாற்றுவார்கள், உறவில் கை வைக்க மாட்டார்கள். இங்கே நேர்மாறு. மண் அப்படியே இருக்கிறது. அதே கிராமம், அதே நூலகம், அதே நீரூற்றுப் பக்கம் பாடுகிற அதே பெண். உறவை மட்டும் உருவி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகியிருக்கிறார்கள். 'அண்ணா' என்று வருகிற இடத்தில் 'அப்பா' என்று போட்டால் தீர்ந்தது. அதுதான் அவர்கள் நினைப்பு.

தீரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

என் அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். வீடியோ கேமில் எனக்கு குரு அவன்தான். 2021ல் 'நியர் ரெப்ளிகண்ட்' புது மெருகோடு உலகம் முழுவதும் வந்தது. இந்த முறை எல்லோருக்கும் அண்ணன்தான். அதை அவன் ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டே முழுக்கப் பார்த்தேன். அழகான கேம். பிறகு ஒரு நண்பரிடம் பழைய பிளேஸ்டேஷன் 3ம் 2010ன் அப்பா கேமும் இருப்பது தெரிந்து கடன் வாங்கி வந்தேன். அதை நானே ஆடினேன். ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. செத்துச் செத்துப் பிழைத்தேன் என்பது இந்த விஷயத்தில் உவமை அல்ல.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது திரை கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லும். அந்த நேரத்தில் யோனா எழுதிய குறிப்புகள் வரும். சின்னப் பெண்ணின் டைரி. சமைத்துப் பார்த்தது, காத்திருந்தது, உடம்பு படுத்துவது, அவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்தால் தேவலை என்பது. இரண்டு பதிப்பிலும் அதே டைரிதான். தங்கை எழுதினதாக நினைத்துப் படிக்கும்போது எனக்குப் பாவமாக இருந்தது. மகள் எழுதினதாகப் படிக்கும்போது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று யோசித்தேன். அண்ணன் வீட்டில் இல்லாமல் ஊர் சுற்றிச் சம்பாதிக்கிறான் என்றால் அது தியாகம். அவனுக்கே விளையாட வேண்டிய வயசு. நாம் இரண்டு பிள்ளைகளுக்காகவும் பரிதாபப்படுகிறோம். ஆனால் அப்பா வீட்டில் இல்லை என்றால் அதற்குப் பெயர் தியாகம் இல்லை. அது அப்பாக்களின் வழக்கம். உனக்காகத்தானே ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவள் கேட்கிற ஒரே ஒரு பொருளை, அதாவது தன்னை, கொடுக்காமல் இருக்கிற ஆள். இந்த வாக்கியத்தை எழுதும்போது மணி இரவு பதினொன்று. நான் ஆபீசில் இருக்கிறேன்.

அதே டைரி, அதே சொற்கள். ஆனால் ஒன்று அனுதாபம் கேட்கிறது, இன்னொன்று குற்றம் சாட்டுகிறது.

*

இனி கதையின் ரகசியத்தைச் சொல்லப்போகிறேன். ஆடிப் பார்க்க உத்தேசம் உள்ளவர்கள் அடுத்த நட்சத்திரக் குறிக்குத் தாவிவிடலாம்.

கேமை ஒரு முறை முடித்துவிட்டு இரண்டாம் முறை ஆடினால் ஒரு வித்தியாசம் தெரியும். முதல் முறை வெறும் உறுமலாகக் கேட்ட நிழல்களின் சத்தம் இப்போது பேச்சாகப் புரியும். அவர்கள் அரக்கர்கள் இல்லை. ஆயிரம் வருஷம் முன்னால் அழிவிலிருந்து தப்பிக்க உடம்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட மனித ஆன்மாக்கள். அவர்கள்தான் நிஜ மனிதர்கள். நியர், யோனா, ஊர் ஜனம் எல்லாரும் அந்த ஆன்மாக்கள் திரும்பி வந்து குடியேறுவதற்காகச் செய்து வைத்த உடம்புகள். வாடகைக்குக் கட்டின வீடு தனக்கே உயிர் வந்து, குடிவந்தவரை வெட்டுகிற கதை.

ஒரு பழைய தொழிற்சாலை வருகிறது. அங்கே காலில் விழுகிற உயரத்தில் ஒரு குட்டி நிழல். அதன் அம்மா செத்துவிட்டாள். துணைக்கு ஒரு ரோபோ. இரண்டும் சேர்ந்து வெளியே போய் உலகத்தைப் பார்க்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருக்கின்றன. நியர் அங்கே போய் இரண்டையும் ஒழித்துக்கட்டுகிறான். முதல் முறை ஆடும்போது ஒரு பெரிய எதிரி ஒழிந்தது என்று சந்தோஷப்படுவீர்கள். இரண்டாம் முறை அந்தக் குட்டி பேசுவது கேட்கும். அப்போதும் நீங்கள்தான் பட்டனை அமுக்கியாக வேண்டும்.

இந்த இடத்தில் அக்கா பையனுக்கும் எனக்கும் பெரிய சண்டை.

"மாமா, இங்க அண்ணன்தான் கரெக்ட். அவனே அப்பா அம்மா இல்லாத பையன். அந்தக் குட்டியும் அம்மா இல்லாதது. தன்னை மாதிரியே இருக்கிற ஒண்ண, தெரியாமலே கொல்றான். அப்பா வந்தா அந்தக் கண்ணாடி உடைஞ்சுபோகுது" என்றான்.

நல்ல வாதம். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அவன் சொல்வது சரிதான். அண்ணன் கதையில் அது ஒரு கண்ணாடி. இன்னொன்றும் அவன் பக்கம் இருக்கிறது. அண்ணன் கதையில் நடுவில் வருகிற ஐந்து வருஷ இடைவெளியில் பையன் வாலிபனாகி, தோள் அகன்று, முகம் இறுகித் திரும்பி வருகிறான். குழந்தைப் பருவம் திருட்டுப் போனது கண்ணுக்குத் தெரியும். அப்பா ஐந்து வருஷத்தில் இன்னும் கொஞ்சம் களைத்திருப்பார். அவ்வளவுதான். படமாகப் பார்த்தால் அண்ணனுக்குத்தான் மார்க்.

ஆனால் கண்ணாடியில் தெரிகிறவன் சின்னப் பையன். தெரியாமல் செய்துவிட்டான் என்று நாம் மன்னித்துவிடுகிறோம். அப்பாவை அப்படி மன்னிக்க வழியில்லை. பிள்ளை என்றால் என்ன என்று தெரிந்தவர் அவர். தன் பிள்ளைக்காக இன்னொருத்தியின் பிள்ளையைக் கொல்கிறவர். கடைசியில் இரண்டு பெண்கள் அவரை நிறுத்தி உண்மையைச் சொல்கிறார்கள். உங்கள் வாள் பட்டதெல்லாம் மனிதர்கள் என்று. அவர் காதில் வாங்குவதில்லை. என் பெண் எங்கே என்பதற்கு மேல் எதுவும் அவருக்கு வேண்டாம். பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை ஒருவன் யார் பேச்சையும் கேட்கவில்லை என்றால் அதற்குப் பெயர் பிடிவாதம். நாற்பதுக்கு மேல் ஒருவர் கேட்கவில்லை என்றால்?

அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். நானே அதைச் செய்திருக்கிறேன்.

என் பெண்ணுக்கு நாலு வயது. ராத்திரி ஜுரம் நூற்று நான்கு. ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆள், மடியில் ஒரு பையன், அவனும் கொதித்துக்கொண்டிருக்கிறான். நான் எழுந்து போய் கவுன்டரில் என் பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பையனின் தலையைத் தடவிக்கொடுத்தார். வெளியே வந்தபோது அவர் இன்னும் அங்கேயேதான் இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன். இத்தனை வருஷமாகியும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கேமின் உச்சக்கட்டத்தில் நிழல்களின் ராஜா யார் என்று தெரிகிறது. அவனும் நியர்தான். அசல் நியர். ஆயிரம் வருஷமாகத் தன் சொந்த யோனாவின் ஆன்மாவைக் காப்பாற்றி வைத்திருந்து, அவளை இந்த யோனாவின் உடம்பில் குடியேற்றத் தூக்கி வந்தவன். ஆக, இரண்டு அப்பாக்கள். இரண்டு பேர் கையிலும் தன் குழந்தைக்காக உலகம் எக்கேடு கெட்டாலும் சரி என்கிற ஒரே நியாயம். டோக்கன் வரிசையில் முன்னும் பின்னும் உட்கார்ந்த இரண்டு பேர்.

அதை யார் தீர்த்துவைக்கிறார் தெரியுமா? குழந்தை. உடம்புக்குள் கண் விழிக்கிற அசல் யோனாவுக்கு உள்ளே இன்னொரு பெண்ணின் குரல் கேட்கிறது. அவளும் தன் அப்பாவைப் பார்க்க ஏங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது புரிகிறது. உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குள் நடந்து காணாமல் போகிறாள். அப்பாக்கள் இரண்டு பேருக்கும் வராத யோசனை.

அண்ணன் பதிப்பிலும் இதே காட்சிதான். அங்கே ஒரு வாலிபன் தன்னோடு தானே மோதுகிறான். சோகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவர்கள் தோற்ற இடத்தில் ஒரு குழந்தை ஜெயித்தது என்கிற அடி அப்பா பதிப்பில் மட்டும்தான் விழுகிறது. ஏனென்றால் அங்கேதான் பெரியவர் என்று ஒருவர் இருக்கிறார்.

*

ஆக, என் தீர்ப்பு இது. அப்பாவைப் படைத்த காரணம் அசட்டுத்தனமானது. அமெரிக்கனுக்குத் தோள் வேண்டும், ஜப்பானியனுக்குக் கண் வேண்டும் என்கிற கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் பிறந்த ஆள், கதையை அதன் சொந்தக்காரர்களே எதிர்பார்க்காத ஆழத்துக்குக் கொண்டு போய்விட்டார். தோளுக்காகக் கூட்டி வந்தார்கள். அவர் கூடவே நாற்பது வயசின் மனசாட்சியையும் எடுத்து வந்துவிட்டார்.

சரி, வியாபாரமாவது ஜெயித்ததா? இல்லை. முரட்டுத் தோள் இருந்தும் மேல்நாட்டு விமர்சகர்கள் சுமாரான மார்க்தான் போட்டார்கள். கேமைச் செய்த கேவியா என்கிற நிறுவனம் அதே 2010ல் கலைக்கப்பட்டது. ஏழு வருஷம் கழித்து, அதே இயக்குநர் யோகோ டாரோவின் 'நியர் ஆட்டோமாட்டா' வந்தது. அதன் நாயகி கறுப்பு உடை போட்ட, ஒடிசலான, அச்சு அசல் ஜப்பானிய பாணிப் பெண் ரோபோ. எந்த ஊருக்காகவும் அவளுக்குப் புருவம்கூட மாற்றவில்லை. உலகமெல்லாம் லட்சக்கணக்கில் விற்றது. ஒடிசலான ஆளை மேல்நாட்டுக்காரன் ஏற்கமாட்டான் என்கிற தியரி அன்றைக்கே செத்துப்போனது. அந்த வெற்றியின் தைரியத்தில்தான் 2021ல் அண்ணனை உலகம் முழுக்க அனுப்பினார்கள். மேல்நாட்டவர்கள் அதுவரை பார்க்காத பதிப்பு அது என்பதால் நியாயமும் இருந்தது.

அப்பா என்ன ஆனார்? விரட்டிவிடவில்லை. கூடுதலாகச் சேர்த்த ஒரு சின்னப் பகுதியில் கொஞ்ச நேரம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறார். கல்யாண வீட்டில் வாசலோடு வரவேற்கப்பட்டு வாசலோடு வழியனுப்பப்படுகிற தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. 2010ல் அவரை ஆடியவர்களுக்கு அவர்தான் நியர். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் ஒரு துணுக்குச் செய்தி. 'டோக்கி டோக்கி பானிக்'கில் காணாமல் போன அப்பாவின் ஞாபகம் வருகிறது எனக்கு.

என் வருத்தம் அண்ணன் வந்ததில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பெட்டியில் கொடுத்திருக்க வேண்டும். ஒரே கதை இரண்டு உறவில் சொல்லப்பட்டு, இரண்டும் முழுசாகக் கைவசம் இருக்கிற அபூர்வம் இது. கதை எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அது தங்களிடம் இருப்பதே தெரியாமல், எந்தச் சரக்கு எந்தக் கடைக்கு என்றுதான் கடைசிவரை யோசித்தார்கள்.

இதே யோசனைக்கு நம் மொழிக்காரர் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். 2023ல் டொரான்டோவிலிருந்து 'வெண்பா' என்று ஒரு சின்ன கேம் வந்தது. விசை கேம்ஸ் என்கிற சின்ன நிறுவனம் செய்தது. கதாநாயகி, 1980களின் கடைசியில் கணவனோடு கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா. சண்டை கிடையாது. தன் அம்மா கொடுத்த, பக்கங்கள் சிதைந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். மகன் கவின் தமிழை விட்டு விலகி விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மார்க்கெட்டிங் பேப்பரில் பத்து மார்க் வாங்கிய யாரைக் கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார்? புடவை கட்டிய நடுத்தர வயசு அம்மாவாக ஆட அமெரிக்கன் எப்படி வருவான்? கொஞ்சம் மாற்றுங்களேன்? மாற்றவில்லை. அவள் எல்லா ஊருக்கும் வெண்பாவாகவேதான் போனாள். 2024ல் சுதந்திரக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசும், முதல் படைப்புக்கான பிரிட்டிஷ் பாஃப்டா விருதும் அந்த கேமுக்குத்தான்.

நம்மைப் போலவே முகம் இருந்தால்தான் ஒருவனோடு போவோம் என்று கம்பெனிகள் நம்புகின்றன. முகம் முதல் பத்து நிமிஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு அவன் யாருக்கு என்ன உறவு என்பதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறோம். அதனால்தான் சொல்கிறேன், புருவத்தை மாற்றுங்கள், நிறத்தை மாற்றுங்கள், ஒருவரும் கேட்கமாட்டோம். உறவை மாற்றினால் வேறு கதை எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படி எழுதியதற்குப் பொறுப்பாக அதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பழைய கேமைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா பையனும் கூட வந்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிக்னலில் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, உங்களுக்கு அப்பா வெர்ஷன் பிடிச்சதுக்குக் காரணம், நீங்க அப்பாங்கறதுதானே? அப்ப அந்தக் கம்பெனிக்காரன் சொன்னது சரிதானே? அவனவனுக்கு அவனவன் மாதிரி ஹீரோ?"

பச்சை விழுந்துவிட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டே யோசித்தேன். அவன் சொன்ன மாதிரியே இருந்தால் எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லையே. என்னைப் போல இருக்கிறார் என்பதால் அவரோடு போனேன். போகப் போக, என்னைப் போலவே இருக்கிறாரே என்று பயமாக இருந்தது.

இறங்கியதும் அதைத்தான் அவனிடம் சொன்னேன். அடுத்த முறை வரும்போது அந்தப் பழைய கேமை அவனும் ஆடிப் பார்க்கிறேன் என்றான்.